ஐந்தாம் பூச்சு

தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பழைய பெயின்ட் பாலாகக் கரைந்து ஒழுக வேண்டும். அந்த வெள்ளை அம்பாசிடரின் இடதுபக்கப் பின்கதவில் மட்டும் அப்படி ஒழுகவில்லை. செந்தூர்பாண்டி கையிலிருந்த உப்புத்தாளைத் திருப்பிப் பார்த்தார். சொரசொரப்பெல்லாம் அடைபட்டு, மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் வழித்தார். ஆறிப்போன ஆட்டுக்கறிக் குழம்பின் மேல் திரண்டு நிற்கும் கொழுப்பைப் போல அது நகக்கண்ணுக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

கிரீஸாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு புதுத் தாளை எடுத்தார். அதுவும் பத்துத் தேய்ப்பில் வழவழத்துப் போனது.

கார் அவருடைய மாமனார் சங்கரலிங்கத்துடையது. அவர் கண்மூடிய பிறகு வெம்பக்கோட்டை ரோட்டில் இருந்த அவர்களது பட்டாசுக் கம்பெனியின் பழைய ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. வாசலில் மாலை போட்டு அந்தக் காரை நிறுத்த வேண்டும் என்று மைத்துனர்கள் பேசிக்கொண்டபோது, "நானே அடிச்சித் தாரேன்" என்று இவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். சிவகாசியில் இருபத்திரண்டு வருஷம் காலண்டர் அச்சடித்தவர். நிறம் அவருக்குப் பழக்கம். போன வருஷம் அச்சகத்தை மூடியதிலிருந்து அந்த வீட்டு ஆட்கள் இவரிடம் எந்தக் காரியத்துக்கும் வந்து நின்றதில்லை. அதனால் காரைத் தன் வீட்டுக்கு இழுத்துவந்து, பின்னால் இருந்த ஷெட்டைச் சுற்றித் தூசி வராமல் பாலித்தீன் தாள் கட்டி, வாடகைக்குக் கம்ப்ரஸர் எடுத்து, காரின் சீட்டுகளையும் கதவுகளின் உட்பக்க அட்டைகளையும் கழற்றி வெளியே போட்டு, ஒற்றை ஆளாக இறங்கியிருந்தார்.

மற்ற கதவுகளில் வெள்ளை இரண்டு பூச்சுதான் இருந்தது. இந்தக் கதவில் தேய்க்கத் தேய்க்க நான்கு பூச்சு வந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே மஞ்சள் படலம்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிய கை. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனதும் அந்த வாடை ஏறியது. மயிர் பொசுங்கிய நாற்றம். அதற்கு அடியில் இன்னொன்று, இனிப்பாக.

"என்னங்க, சோத்த அளைஞ்சிக்கிட்டே இருக்கீக?" என்றாள் மனைவி சொர்ணலட்சுமி.

"கை நாறுது. அந்தப் பின்கதவுல என்னமோ பிசுக்கு. போகவே மாட்டேங்குது."

அவள் அவர் கையைப் பிடித்து முகர்ந்தாள். சட்டென்று விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இடதுபக்கமா?"

"ஆமா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு அந்தப் பக்கம் நாந்தான் உக்காந்திருந்தேன்." குரல் இறங்கிப்போனது. "நம்ம கலியாணத்துக்கு முந்துன வருசம். கம்பெனியில வெடிச்சப்போ நானும் அப்பாவும் வண்டியில ஏறிட்டோம். தீப்பட்டவுக ஏழெட்டுப் பேரு ஓடியாந்தாக. ஏத்திக்கிடுங்கன்னுகூடக் கேக்கல. தண்ணி தண்ணின்னாக. கண்ணாடிய ஏத்துன்னு அப்பா சத்தம் போட்டாக. ஏத்துனேன்."

"அப்புறம்?"

"கதவப் பிடிச்சவுகளுக்குக் கைய எடுக்க முடியல. ஒட்டிக்கிச்சி. அதுக்குள்ள வண்டி கெளம்பிருச்சி."

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"கழுவுனாக. பெயின்ட் அடிச்சாக. ஒரு மாசத்துல அங்கன மட்டும் பொங்கிரும். திரும்பவும் அடிப்பாக. ஏங்க, விட்டுருங்க. முடியலன்னு அண்ணங்கிட்டச் சொல்லிருங்க."

முடியலன்னு சொன்னால் மைத்துனர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அவருக்குத் தெரியும். இலையை மூடிவிட்டு எழுந்தார்.

இரண்டு லிட்டர் தின்னர் ஊற்றி அந்தக் கதவைத் துடைத்தார். இரும்பு பளபளக்கும்வரை சுரண்டினார். மறுநாள் பிரைமர் அடித்துக் காயவிட்டார். வியாழக்கிழமை காலையில் கண்ணாடிகளில் செய்தித்தாள் ஒட்டி ஓரமெல்லாம் டேப்பால் மூடி, முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு வெள்ளையை அடிக்கத் தொடங்கினார். ஷெட்டுக்குள் வெக்கை கொதித்தது. பாலித்தீன் வழியே வந்த உச்சிவெயிலில் நிழலே இல்லாமல் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஸ்ப்ரே கன்னின் சீற்றம் ஒரே சீராக வலமும் இடமும் போய்வர, பெயின்ட் பீங்கான் போலப் படிந்துகொண்டே வந்தது. பின்கதவும் அப்படித்தான் படிந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை. கம்ப்ரஸரை நிறுத்தினார்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. தோசைக்கல்லில் எண்ணெய் சுண்டுவது போல, மிக மெல்லிய சத்தம்.

பின்கதவில் கடுகளவுக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிளகளவு ஆயின. சுண்டைக்காய் அளவு ஆயின. அடியில் ஈரம் இருந்தால் பெயின்ட் பொங்கும், அது தெரிந்த விஷயம்தான். ஆனால் பத்து நிமிஷத்தில் பொங்காது. பெரியதாக இருந்த ஒன்றை விரலால் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே நீர் உருண்டது. தொட்ட இடம் பிய்ந்து, வெளிறிய மஞ்சள் நீர் வழிந்து, கையுறைக்குள் இறங்கி மணிக்கட்டை நனைத்தது. மேல்தோல் அப்படியே சரிந்து, சுருங்கி, கதவின் கீழே தொங்கியது.

அடியில் பிரைமரின் சாம்பல் நிறம் இல்லை. இளஞ்சிவப்பாக இருந்தது. கசிந்தது.

 முகமூடியைக் கழற்றுவதற்குள் வாயிலிருந்து புளித்த நீர் அதற்குள்ளேயே நிறைந்துவிட்டது. துப்பினார். மூக்கைச் சிந்தினார். எலி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கதவுத் தகட்டுக்குள் எலி செத்துக் கிடந்து அழுகுகிறது. வேறென்ன? உட்பக்க அட்டையைக் கழற்றித்தானே வைத்திருக்கிறோம், உள்ளே போய்க் கைவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வலதுபக்கம் போய் ஈரம் படாமல் கதவைத் திறந்து, சீட்டில்லாத வெறுந்தரையில் தவழ்ந்து உள்ளே போனார். செய்தித்தாள் வழியே வந்த வெளிச்சம் மங்கிய மஞ்சளாக இருந்தது. பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. தகட்டின் உட்புறம் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். எலி இல்லை. ஈரம் இல்லை. இரும்பு காய்ந்து, சில்லென்று இருந்தது.

தலையை நிமிர்த்தினார்.

கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருந்த செய்தித்தாளில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. பஜ்ஜி மடித்த தாளில் ஊறுவது போல. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். அதற்கு மேல் ஐந்து கோடுகள். தாளின் அந்தப் பக்கத்து எழுத்துகள் தெரியத் தொடங்கின.

முன்கண்ணாடியில் ஒன்று. பின்னால் இரண்டு. வலதுபக்கம், அவர் நுழைந்த கதவில், மூன்று.

கார் லேசாக ஆடியது. யாரும் தள்ளவில்லை. சாய்ந்துகொண்டார்கள்.

இடதுபக்கக் கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. டேப் அடிக்கும்போது கவனிக்கவில்லை. அந்த இடைவெளி வழியே பொசுங்கிய மயிரின் வாடை வந்தது. இனிப்பு வந்தது. மூச்சு வந்தது.

"தண்ணி."

அவர் காலடியில் குடித்து மிச்சம் வைத்த பாட்டில் கிடந்தது. பாதி இருந்தது. அதைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றும் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். வேகமாக. முழுக்க ஏறும்வரை.

வெளியே யாரும் கோபப்படவில்லை. தட்டவில்லை. ஈரத்தில் ஊறிய தாள் மட்டும் தன் கனம் தாங்காமல் கழன்று விழுந்தது.

முகம் என்று சொல்லும்படி அங்கே அதிகம் இல்லை. வாய் இருந்தது. தாகத்தில் அது கண்ணாடியைக் கவ்வியது, நக்கியது, உறிஞ்சியது. அவர் கண்ணை மூட நினைத்தார். முடியவில்லை.

மெல்ல அந்த முகம் பின்னால் நகர்ந்தது.

உதடுகள் மட்டும் நகரவில்லை. கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு, இன்னும் அசைந்துகொண்டிருந்தன.