சுண்ணாம்புக்கு அடங்காத சிங்கம்

நூலகத்தில் அலமாரியை நகர்த்தியதும் சுவரின் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒரு சிங்கம் தெரிந்தது.

நீலப் பிடரி, சுருண்ட வால், கொஞ்சம் மாறுகண். காலடியில் புரியாத எழுத்துகளில் இரண்டு வரிகள்.

"வரைஞ்சவர் சிங்கத்தைப் பார்த்ததே இல்லபோல!" என்று சிரித்தான் திமெக்.

அவனுடைய வகுப்புத் தோழி யாக்னாவுக்கும் சிரிப்பு வந்தது. "மேடம், இங்க எப்படி சிங்கம் வந்துச்சு?"

நூலகர் லுட்விகா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "இது முன்னாடி யூதர்களோட ஜெப ஆலயமா இருந்துச்சு. அப்போ நம்ம ஊர்ல பாதிப் பேர் அவங்கதான். இரண்டாம் உலகப் போர் நடந்தப்போ ஜெர்மன் படை வந்து, ஒரே நாள்ல எல்லாரையும் லாரியில ஏத்திட்டுப் போச்சு. ஒருத்தரும் திரும்பி வரல. அப்புறம் இது தானியக் கிடங்காச்சு. அதுக்கப்புறம் நூலகம்."

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"அதை வாசிக்கத் தெரிஞ்சவங்க இப்ப ஊர்ல யாருமே இல்லம்மா."

யாக்னாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போது நகராட்சி அதிகாரி ஸ்கிபா உள்ளே வந்தார். மறுநாள் நூலகத்தின் ஐம்பதாவது ஆண்டு விழா. சுவரைப் பார்த்ததும் அவர் பதறினார்.

"ஐயோ, தலைநகர் வார்சாவிலிருந்து விருந்தாளிங்க வர்றாங்களே! ஸெனோன், சுண்ணாம்பைக் கொண்டு வா!"

"அடிக்காதீங்க சார். இது ஜெப ஆலயம்" என்றாள் யாக்னா.

"அதெல்லாம் பழைய கதை. அழைப்பிதழ்ல 'முன்னாள் தானியக் கிடங்கு'ன்னு அச்சடிச்சாச்சு."

"அப்போ அழைப்பிதழைத் திருத்துங்க. சிங்கத்தை ஏன் அழிக்கணும்?"

வெள்ளையடிக்கும் ஸெனோன் வாளியோடு வந்து நின்றார். யாக்னா ஓடிப்போய்ச் சிங்கத்தின் மேல் முதுகைச் சாய்த்து, கைகளை விரித்துக்கொண்டாள்.

"தள்ளு."

"மாட்டேன்."

"உங்க அப்பாவைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க சார். அவரையும் பக்கத்துல நிக்கச் சொல்றேன்."

திமெக் வந்து அவள் அருகில் நின்றான். "வாலு வெளிய தெரியுது. அதை நான் மறைச்சுக்கறேன்."

ஸெனோன் தூரிகையை வாளியில் போட்டார். "நான் சுவருக்குத்தான் அடிப்பேன் சார். பிள்ளைங்களுக்கு அடிக்க மாட்டேன்."

கடைசியாக லுட்விகாவும் வந்து நின்றார். "இது ஜெப ஆலயம்னு முப்பது வருஷமா எனக்குத் தெரியும். வாயைத் திறக்கல. இனிமே அப்படி இருக்க மாட்டேன்."

ஸ்கிபாவின் முகம் பீட்ரூட் போலச் சிவந்தது. யாக்னாவை நோக்கி விரல் நீட்டினார். "நாளைக்கு விருந்தாளிங்க கேட்டா நீதான் பதில் சொல்லணும்!"

"சொல்றேன் சார்."

சொன்னபடியே மறுநாள் யாக்னா கூட்டத்துக்கு முன்னால் நின்றாள். இந்தக் கூரையைக் கட்டியவர்கள் யார், இங்கே பாடியவர்கள் யார் என்று லுட்விகாவிடம் கேட்டு எழுதியதையெல்லாம் சொன்னாள்.

பாதியில் ஸ்கிபா எழுந்தார். "போதும்மா, கேக் வெட்டணும்."

"இன்னும் முடியல சார். லாரி வந்த நாளைப் பத்திச் சொல்லணும். உட்காருங்க."

எல்லோரும் ஸ்கிபாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் உட்கார்ந்தார்.