ஷோகேஸில் உட்கார்ந்த பையன்

"போட்டதுலேர்ந்து கடிக்குதாம்" என்று ஓர் அம்மா பள்ளி ஷூவைச் செருப்புக் கடை மேசைமேல் வைத்தார். அந்த வாரம் திரும்பி வந்த மூன்றாவது ஜோடி அது.

கடை முதலாளியான அப்பா சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். அந்த அம்மா கதவைத் தாண்டியதும் சிரிப்பும் கூடவே போய்விட்டது.

"என்ன அண்ணே இது? நீங்க கொடுத்த ஷூ திரும்பி வந்ததே கிடையாதே" என்றார் அளவு மாமாவிடம்.

"பசங்க கால் சீக்கிரம் வளருது தம்பி."

"ரெண்டே நாள்லயா?"

அளவு மாமா பெட்டிகளை அடுக்கப் போனார். அறுபது தாண்டியவர். பல வருடங்களாக அந்தக் கடையில்தான் வேலை. காலைப் பார்த்ததுமே ஷூ அளவைச் சொல்லிவிடுவதால் அந்தப் பெயர்.

மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் எல்லாவற்றையும் கேட்டாள். அப்பா பிறகு போனில் பேசியதையும் கேட்டாள். "சின்ன வயசு ஆளா ஒருத்தர் இருந்தா சொல்லுங்க. ஆமா, இவருக்குப் பதிலா."

அதற்குப் பிறகு கணக்கு ஓடவில்லை.

மறுநாள் அவள் மாமாவையே கவனித்தாள். முன்பெல்லாம் மாமா பெஞ்சுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஷூவின் நுனியை அழுத்தி, விரல் எங்கே முடிகிறது என்று பார்ப்பார். இப்போது நின்றபடியே, "கடிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை" என்றாள் ஒரு சிறுமி. ஷூவில் பளபளவென்று ஒரு நட்சத்திரம் இருந்தது. அதை விட்டுவிட யாருக்கு மனசு வரும்?

சற்று நேரத்தில் ஒரு பெட்டியின் மூடி பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. மாமா குந்தி எடுத்தார். எழுந்திருக்க அலமாரியைப் பிடித்தார். அலமாரி ஆடி, அவர் தலையில் நாலு செருப்பு விழுந்தது.

அவள் ஓடிப்போய்க் கை கொடுத்தாள். "முட்டி வலியா மாமா?"

"அப்பாகிட்ட சொல்லிடாதே, குட்டி முதலாளி."

"ஏன்?"

"உடனே நாற்காலியைக் காட்டுவார். எங்க வீட்டு நாற்காலியை."

அவள் சொல்லவில்லை. ஆனால், சாப்பிடும்போது அம்மாவிடம் பொதுவாகக் கேட்டாள். அம்மா மருத்துவமனையில் நர்ஸ்.

"வயசானவங்களுக்கு முட்டி ஏம்மா வலிக்குது?"

"நிறைய பேருக்கு மூட்டு தேய்மானம்தான். எங்க வார்டுல வயசானவங்க பாதிப்பேர் முட்டியைப் பிடிச்சுக்கிட்டுதான் எழுந்திருப்பாங்க. எலும்பு முனையில வழவழன்னு ஒரு உறை இருக்கு. அது தேயுது."

"செருப்பு அடிப்பாகம் மாதிரியா?"

"கிட்டத்தட்ட. ஆனா செருப்பு தன்னைத் தானே சரி பண்ணிக்காது. மூட்டு கொஞ்சம் பண்ணிக்கும். வயசாக ஆக அந்த வேலை மெதுவாயிடும். எடை கூடினாலோ, பழைய அடி இருந்தாலோ சீக்கிரம் வரும். காலமெல்லாம் குந்திக் குந்தி எழுந்திரிக்கிற வேலைன்னாலும் அப்படித்தான்."

"அப்போ அசையாம உட்கார்ந்துட்டா சரியாயிடுமா?"

"இன்னும் இறுகிடும். நடக்கணும். குந்தறதைத்தான் குறைக்கணும்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மாமா கீழே போகக் கூடாது. அப்படியென்றால் கால் மேலே வர வேண்டும்.

சனிக்கிழமை ஒரு பையன் அழுதுகொண்டே கடைக்குள் வந்தான். ஷூ வேண்டாம், வீட்டுக்குப் போகணும் என்றான்.

"கண்ணாடிக்குள்ள உட்கார்றியா?" என்று கேட்டாள் அவள்.

அழுகை நின்றது.

தெருவைப் பார்த்திருந்த ஷோகேஸின் மேடை மாமாவின் இடுப்பு உயரம் இருக்கும். அவள் அதிலிருந்த செருப்புகளை ஒதுக்கினாள். பையனை அவன் அப்பா தூக்கி உட்கார வைத்தார். இரண்டு கால்களும் மாமாவின் கைக்கு நேராகத் தொங்கின.

மாமா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு நின்றபடியே ஷூவை மாட்டி, நுனியை அழுத்தினார்.

"கடிக்குதா?"

"இல்ல."

"பொய். விரல் முட்டுது. அடுத்த அளவு போடுவோம்."

தெருவில் போன பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றார்கள். உள்ளே இருந்தவன் ராஜா மாதிரி கையசைத்தான். இரண்டு பிள்ளைகள் தங்கள் அம்மாக்களை உள்ளே இழுத்து வந்தார்கள்.

அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "இது செருப்புக் கடையா, பொம்மைக் கடையா?"

அவள் மாமாவைப் பார்த்தாள்.

"முட்டி, தம்பி" என்றார் மாமா. "குந்தினா எழுந்திருக்க முடியல. அதான் அழுத்திப் பார்க்கறதை விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

அப்பா மாமாவின் முழங்காலைப் பார்த்தார். கதவருகே காத்திருந்த கூட்டத்தையும் பார்த்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம் அண்ணே. பசங்க ஏற ஒரு படி செய்யச் சொல்றேன். நீங்க நின்னே பாருங்க."

"அப்போ அந்தச் சின்ன வயசு ஆள்?" என்று கேட்டாள் மகள்.

"வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார் அப்பா. பிறகு அவசரமாகக் குந்தி, மேடையிலிருந்து விழுந்த செருப்பைப் பொறுக்கினார். எழும்போது 'டக்' என்று ஒரு சத்தம். கை தானாக அலமாரியைத் தேடியது.

மகளும் மாமாவும் அவர் முட்டியைப் பார்த்தார்கள்.

"செருப்பு சத்தம்" என்றார் அப்பா.

அளவு மாமா மேடையில் அவருக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கினார்.