பதினெட்டு இஞ்சி உயரத்தில்

செல்போன் அலறியது.

வவுணதீவு வட்டையில், வயல் வரம்பில் நின்ற சதீஸ்குமார் நாலாவது ரிங்குக்குத்தான் எடுத்தான். அவசரம் காட்டக் கூடாதே!

"பொலிஸ். நாவற்குடாவில உங்கட வீட்டு கராஜ் வெடிச்சிட்டு. உள்ள ஒரு பொம்புள... கருகிக் கிடக்கு. உடன வாங்க."

"ஐயோ... கலாஜினி..."

அழுகை நன்றாகவே வந்தது. அவனுக்கே தன்மேல் மதிப்புக் கூடியது.

வலையிறவுப் பாலத்தில் பைக் ஏறியதும் விசிலடித்தான், பாவி!

கலாஜினி அவன் மனைவி. வாவிக்கரை வீடு அவள் சீதனம், அவள் பெயரில். பிரிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவன் மாப்பிள்ளைதான். அவனுக்கோ வீடும் வேண்டும், பக்கத்து வீட்டு அஜந்தாவும் வேண்டும்!

வழி காட்டியவர், முந்தாநாள் குளிக்கச் சுடுதண்ணி தரும் கேஸ் கீசர் பூட்ட வந்த கோணாமலை.

"தம்பி, கராஜில பூட்டுறதெண்டா இதுட நெருப்பு தரையில இருந்து பதினெட்டு இஞ்சி மேல நிக்கணும்."

"ஏன் அண்ணன்?"

"பெற்றோல் ஆவி மேல போகாது. தரையோட தவழும். கீழ நெருப்பிருந்தா முடிஞ்சுது கதை. இந்தப் பெற்றோல் கானுகள முதல்ல வெளியேத்துங்க."

தட்டுப்பாட்டுக் காலத்தில் கியூவில் நின்று சேர்த்த பழக்கம். கராஜில் ஐந்து கான் பெற்றோல். அந்த நாற்றம் எல்லோருக்கும் பழகிவிட்டது.

"ஓம் அண்ணன்," என்றான்.

இன்று விடிய, இரும்பு ஸ்டாண்டைக் கழற்றிக் கீசரைத் தரையில் இறக்கினான். ஒரு கானைச் சரித்தான். கதவைச் சாத்தினான்.

"நான் வட்டைக்குப் போறன். கீசரைப் பத்தவச்சுக் குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போ," என்றான் மனைவியிடம்.

அஜந்தாவிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தவர்கள் குறைந்தால் நல்லதல்லவா?

வீட்டு வாசலில் கூட்டம். பைக்கைப் போட்டுவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடியவன்...

நின்றான்.

பட்டுச்சேலை. நெற்றியில் திருநீறு. கலாஜினி!

பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நிதுர்ஷன். கையில் அவளுடைய போன்.

"அப்ப... உள்ள ஆரு?"

"அஜந்தா," என்றாள் கலாஜினி. "புதுக் கீசர் பூட்டிக் கிடக்கு, பத்தவச்சுக் குளிங்க எண்டு சொல்லிட்டுத்தான் கோயிலுக்குப் போனன். பாவம்."

அப்படியே மண்ணில் குந்தினான். இப்போது வந்தது நிஜமான அழுகை.

இன்ஸ்பெக்டர் போனை நீட்டினார்.

"கோணாமலை வேலை முடிச்சா அளவுநாடாவ வச்சுப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புவாராம். பிறகு ஆரும் குறை சொல்லக் கூடாதெண்டு. ஸ்டாண்ட், பதினெட்டு இஞ்சி, எல்லாம் தெளிவா இருக்கு. இப்ப ஸ்டாண்ட் கோழிக்கூட்டுக்குப் பின்னால கிடக்கு. விடிய கராஜுக்குள்ள நிண்டது நீங்க மட்டும்தானாம். கழட்டினது ஆரு?"

"படமா... எனக்கு வரல்லியே."

"வீடு என்ட பேரில எல்லோ," என்றாள் கலாஜினி. "எனக்குத்தான் வந்தது."

கையில் விலங்கு விழுந்தது. அவன் கண்ணைத் துடைப்பதுபோல் குனிந்தவள், காதோடு சொன்னாள்.

"நீங்க போனதும் கராஜுக்குள்ள பாத்தன். படத்தில மேல நிண்டது கீழ கிடந்திச்சு. அதுக்குப் பிறகுதான் அஜந்தாவக் கூப்பிட்டன்."

அவன் வாயைத் திறந்தான். சொன்னால் நம்ப அங்கே ஒருவரும் இல்லை.

"சிறையில குளிக்கப் பச்சைத்தண்ணிதானாம்... பழகிக்கங்க."