வௌவாலுக்கு நடந்த அடக்கம்

ஐந்தாம் வகுப்பு ரெனிட்டாவுக்கு செத்த பிராணிகளை அடக்கம் செய்வதென்றால் கொள்ளை ஆசை. அணில், மைனா, ஒருமுறை ஒரு கரப்பான் பூச்சி! அப்பா வேலை செய்யும் ஆம்பூர் ஷூ கம்பெனியின் பழைய அட்டைப்பெட்டிதான் சவப்பெட்டி. பாட்டும் ஜெபமும் உண்டு.

அன்று காலை நல்ல குளிர். பள்ளிச் சுவரோரம் ஒரு சின்ன வௌவால் விறைத்துக் கிடந்தது.

"காலு ஆடின மாதிரி இருந்துச்சு," என்றான் அவள் வகுப்பு ரிஹான்.

"செத்தது எப்படிடா ஆடும்? சும்மா பேஜார் பண்ணாதே!" என்றாள் ரெனிட்டா.

சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். ரிஹான் தள்ளிப் போய் நின்றுகொண்டான். ரெனிட்டா வௌவாலை அட்டையால் அள்ளிப் பெட்டியில் வைத்து மூடி, குழியில் இறக்கி, மேலே மண்ணைத் தள்ளி, பாட்டும் பாடி முடித்தாள்.

முதல் பீரியடே அறிவியல்.

"குளிர் ஜாஸ்தியானா சில பிராணிங்க உடம்பு சில்லுன்னு ஆயிடும்," என்றார் ஜெயபுஷ்பம் டீச்சர். "மூளையும் வேலையக் கொறச்சுக்கும். அதனால கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் மூச்சே அதுக்குப் போதும். பார்த்தா செத்த மாதிரியே இருக்கும். சின்ன வௌவால்கூட அப்படித் தூங்கும்."

ரெனிட்டா ஜன்னல் வழியே பள்ளிச் சுவரைப் பார்த்தாள். சொன்னால் வகுப்பே சிரிக்குமே! இடைவேளையில் யாருக்கும் தெரியாமல் தோண்டிவிடலாமா? அதற்குள் வௌவாலுக்கு மூச்சு முட்டிவிட்டால்?

எழுந்து நின்றாள். முகமெல்லாம் எரிந்தது.

"மிஸ், நான் ஒரு வௌவாலப் பொதச்சிட்டேன். ஆடுச்சுன்னு ரிஹான் சொன்னான். நான்தான் கேக்கல."

ஒருவரும் சிரிக்கவில்லை. அது இன்னும் அவமானமாக இருந்தது. ரிஹானின் பக்கம் அவளால் திரும்பவே முடியவில்லை.

"வா, ஓடு!" என்று டீச்சரே முன்னால் ஓடினார். வகுப்பே பின்னால் ஓடியது.

நல்லவேளை, மேலே கொஞ்சம் மண்தான். பெட்டியைத் திறந்து இளவெயிலில் வைத்தார்கள். வௌவால் அசையவில்லை. ரெனிட்டா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மிஸ், நடுங்குது!" என்று கத்தினான் ரிஹான்.

"யாரும் தொடாதீங்க. நடுங்கித்தான் உடம்பச் சூடாக்கிக்கும். மூளையும் முழிச்சுக்கும்," என்றார் டீச்சர்.

எல்லாரும் தள்ளி நின்று பார்த்தார்கள். வௌவால் மெல்லத் தவழ்ந்து சுவரில் ஏறி, சட்டென்று பறந்துபோனது.

"சாரிடா ரிஹான்," என்றாள் ரெனிட்டா, தரையைப் பார்த்தபடி.

"ம்," என்றான் அவன்.

மறுநாள் வகுப்புத் தோழன் பூவரசன் ஓடி வந்தான். "ரெனிட்டா! ஒரு ஓணான் செத்துக் கெடக்குது. பாட்டு பாடலாமா?"

"இரு இரு," என்றாள் ரெனிட்டா. "மொதல்ல ரிஹானக் கூப்பிடு. அவன் பார்த்துச் சொன்னாத்தான் பாட்டு."