மாமா வாய் திறக்கும் இடத்தில்

"உனக்கு ஏதாவது வேணுமாம்மா?"

"எனக்கென்ன மாமா... ஒண்ணும் வேணாம்."

"பொய்."

"நிஜமாத்தான் மாமா!"

"வேணுங்கறதை வாய்விட்டுக் கேட்டுடணும். முழுங்கி முழுங்கி வச்சா கடைசியில தொண்டை இப்படித்தான் ஆகும். என்னைப் பாரு!"

சொல்லிவிட்டு மாமனார் சிரித்தார். நோய் தொண்டையைத் தின்றுவிட்டிருந்ததால் சிரிப்பிலும் வெறும் காற்றுதான் வந்தது. அவர் பேசியதைப் படம்பிடித்து முடித்திருந்த அவள் கேமராவை மடக்கி உறையில் வைத்தாள். அவர் வாய்க்கு அருகில் காதை வைத்துக் கேட்டால் மட்டுமே புரிகிற பேச்சு அது. அந்த வீட்டில் அப்படிக் காதை வைத்துக் கேட்டவள் மருமகள் ஒருத்திதான்.

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு அவளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்று காலையும் கேட்டது, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது.

"நின்னுடுச்சு! மறுபடியும் நின்னுடுச்சு!"

கூடத்திலிருந்து மாமியாரின் குரல். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

பெரிய டிவியில் மாமனார். ஜன்னலோர நாற்காலி, தோளில் சால்வை. ஏதோ சொல்லக் கையைத் தூக்கி வாயைத் திறந்தவர் அப்படியே உறைந்து போயிருந்தார். முகத்தின் நடுவில் வெள்ளை வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"மத்த படமெல்லாம் தண்ணியா ஓடுது. நீ பண்ணின ஒரு படம் மட்டும் நிக்குது! அதுவும் எங்க? அவர் வாயைத் திறக்கற இடத்துல!" மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஸ்டூடியோவுல எடிட்டரா இருந்தேன், எடிட்டரா இருந்தேன்னு சொல்லிக்கறியே... என்னத்தடி கத்துக்கிட்ட அங்க?"

"அத்தை, நான் மறுபடியும் சரிபார்க்கறேன்..."

"எத்தனை தடவை பார்ப்ப? என் கண்ணு பூத்துப் போறதுக்குள்ள பார்ப்பியா?"

"அவர் என்ன சொன்னார்னு வேணும்னா நானே..."

"உன் வாயால எனக்கு வேணாம். என் புருஷன் சொல்லணும், நான் படிக்கணும்!"

உள்ளுக்குள் அவளுக்கு ஒரு நிம்மதிகூட. அவர் சொன்னதை அவள் வாயால் எப்படிச் சொல்வாள்?

கணவன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தலையை எடுக்கவே இல்லை. "விடும்மா. அவளுக்குக் கை விட்டுப் போச்சு. வேலையை விட்டு எவ்வளவு காலமாச்சு! இதுல குறை சொல்லி என்ன பண்றது?"

பரிந்து பேசுவது போலத்தான் இருந்தது. மாமியாரின் வசவைவிட அதுதான் அவளை அதிகமாகக் குத்தியது.

அவள் வேலையை விட்டது மாமனாருக்காக. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொன்னதும் இதே கணவன்தான். அவள் சம்பாதித்து, பார்த்துப் பார்த்து வாங்கிய எடிட்டிங் கம்ப்யூட்டர் ஒருநாள் முன்னறையிலிருந்து சாமான் அறைக்குப் போனது. "சும்மா கிடக்குதே அண்ணி!" என்று கொழுந்தன் அதை வீட்டுக்கான படப்பெட்டி ஆக்கினான். வீட்டிலிருக்கும் படமெல்லாம் அதற்குள். டிவியில் கேட்டாலும் செல்போனில் கேட்டாலும் அது எடுத்து அனுப்பும். "நீங்க தொடாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டான். வீட்டில் எல்லாரும் அவனைக் 'கம்ப்யூட்டர்காரன்' என்று பெருமையாகக் கூப்பிட்டார்கள். அவள்? அவள் டீ போட்டாள்.

மாமனார் போன பிறகு, தன் செல்போனிலேயே கண் வலிக்க உட்கார்ந்து, அவர் பேசியதையெல்லாம் எழுத்தாக்கினாள். மாமியாரின் பார்வைக்குப் பெரிதாக, மஞ்சள் நிறத்தில், நல்ல தமிழில். படம் அப்படியே இருந்தது. எழுத்து தனிக் கோப்பு. மாமியார் அழுது தீர்த்து, பார்க்க மனசு வந்தபோதுதான் இந்த நிற்கும் வியாதி. எழுத்தைத் திருத்தினாள், மாற்றினாள், புதிதாக அடித்தாள். நின்றுகொண்டேதான் இருந்தது. கடைசியில் அவளே நம்பிவிட்டாள்: ஆமாம், எனக்குக் கை விட்டுத்தான் போயிற்று...

கொழுந்தன் ஈரத்தலையைத் துவட்டியபடி வந்தான். "என்னம்மா, காலங்காத்தால ஒப்பாரி? குடு ரிமோட்டை." ஏதோ அழுத்தினான். மாமனார் அசைந்தார், உதடு அசைந்தது, கை அசைந்தது. கீழே எழுத்து இல்லை. "பாரு, பெட்டி நல்லாத்தான் இருக்கு! அண்ணியோட எழுத்தைப் போட்டா மட்டும் நிக்குது. நான் என்ன செய்ய?"

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் தலை சட்டென்று திரும்பியது. சாமான் அறைப் பக்கம்.

இவ்வளவு நேரம் அங்கே ஏதோ இரைந்துகொண்டிருந்தது. இப்போது அடங்கிவிட்டது.

"தம்பி, எழுத்தை மறுபடி போடு."

"எதுக்கண்ணி, மறுபடி நிக்கறதுக்கா?"

"போடு!"

அந்த வீட்டில் அவள் அந்தக் குரலில் பேசியதே இல்லை. அவன் போட்டான். சாமான் அறையில் அந்தப் பெட்டியின் விசிறி மூச்சு முட்ட இரைய ஆரம்பித்தது. டிவியில் மாமனார் திணறித் திணறி நின்றார்.

அவள் அந்த மெஷினோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியவள். எவ்வளவு பெரிய கல்யாண வீடியோவைக் கொடுத்தாலும் அது இப்படிக் கதறியதில்லை. சாமான் அறைக்குப் போனாள். பெட்டியை அணைத்து, பக்கத்துத் திருகைக் கழற்றி, மூடியை எடுத்தாள்.

உள்ளே ஒரு இடம் காலியாக இருந்தது. நீளமாக, சுற்றிலும் தூசி படிந்து, நடுவில் மட்டும் சுத்தமாக... பல் பிடுங்கிய ஈறு போல.

"கார்டு எங்க?"

பின்னாலேயே வந்திருந்த கொழுந்தன் துண்டால் காதைத் துடைத்தான். காதில் ஈரமே இல்லை.

"உன்னைத்தான் கேக்கறேன். இதுல இருந்த கிராபிக்ஸ் கார்டு எங்க?"

"அது... என் கேம் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம்... சும்மாத்தானே அண்ணி கிடந்தது! படம் பார்க்க அது எதுக்கு?"

"எதுக்குன்னு இப்பக் கேக்கறியா? நம்ம டிவிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, கட்டம் கட்டமாக் காட்டும். அதனால எழுத்து போட்டா இந்தப் பெட்டிதான் படம் முழுக்க எழுத்தை ஒட்டி, புதுசாப் பண்ணி அனுப்பணும். மாமா படம் ஃபோர் கே, சாதாரணப் படத்தைவிட நாலு மடங்கு பெரிசு. அவ்வளவு பெரிய சுமையை அந்தக் கார்டு தூக்கும். அதைப் பிடுங்கிட்டா இது எப்படித் தூக்கும்? மூச்சு வாங்காம என்ன செய்யும்?"

வாசலில் கணவன் நின்றிருந்தான். கையில் செய்தித்தாள் இன்னும் இருந்தது.

"அவனைத் திட்டாதே. நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்."

"நீங்களா...?"

"அதனாலதான் நிக்குதுன்னு அப்புறமாத்தான் சொன்னான். அதுக்குள்ள அம்மா உன்னைத் திட்ட ஆரம்பிச்சுட்டாங்க. இப்பப் போய்ச் சொன்னா, அப்பா படத்தைக் கெடுத்தது சின்னவன்னு வீட்ல பெரிய சண்டை வரும். நீ பொறுத்துப்பன்னு..."

"பொறுத்துப்பேன்னு?"

அவன் செய்தித்தாளை மடித்தான்.

"எனக்குக் கை விட்டுப் போச்சுன்னு சொன்னீங்களே... தெரிஞ்சுக்கிட்டேவா சொன்னீங்க? ராத்திரியெல்லாம் நான் போனைப் பிடிச்சுக்கிட்டு ஒரு புள்ளி விட்டேனா, ஒரு வரி தள்ளிப் போட்டேனான்னு தேடினப்ப... பக்கத்துல படுத்துத் தூங்கினீங்களே! உங்க தம்பிக்குச் சண்டை வரக்கூடாது. எனக்கு? எனக்கு என்ன வந்தா என்ன, இல்ல?"

"நான் போய்க் கார்டைக் கொண்டு வர்றேன் அண்ணி..."

"இப்ப வேணாம். பாஸ்வேர்டைச் சொல்லு. நகரு."

கார்டு இல்லாமலும் வழி இருந்தது. ஓடும்போதே ஒட்டச் சொன்னால்தான் பெட்டி திணறும். பொறுமையாக ஒருமுறை எழுத்தைப் படத்திலேயே பதித்து வைத்துவிட்டால் அப்புறம் வெறுமனே எடுத்து அனுப்பினால் போதும். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? தப்பு தன் கையில்தான் என்று நம்பிவிட்டவளுக்கு வேறெங்கே தேடத் தோன்றும்?

மூடியைப் போட்டு, பெட்டியை மறுபடி ஓடவிட்டு உட்கார்ந்தாள். விரல்கள் எதையும் மறக்கவில்லை. அதுதான் அவளை அழவைத்தது.

பெட்டி மெதுவாக, எறும்பு போல வேலை செய்தது. கூடத்தில் மாமியார் டிவியை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாமான் அறையில் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். மதியம் இரண்டு மகன்களும் தாங்களே போட்டுச் சாப்பிட்டார்கள். யாரும் பரிமாறவில்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் வேலை முடிந்தது. அவள் டிவியில் போட்டாள்.

ஜன்னல். நாற்காலி. சால்வை. மாமனார் கையைத் தூக்கினார், வாயைத் திறந்தார்.

படம் நிற்கவில்லை.

மஞ்சள் எழுத்து பளிச்சென்று வந்தது. மாமியார் வாய்விட்டுப் படித்தாள், எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி.

"இவ கோபக்காரி... கல்யாணமான நாள்லேர்ந்து என்கிட்டதான் கத்தறா. எனக்குப் பழகிப் போச்சு. நான் போனப்புறம் யார்கிட்டக் கத்துவா? பசங்ககிட்டக் கத்த மாட்டா. மருமககிட்டதான் கத்துவா. அதுக்காக அந்தப் பொண்ணுகிட்ட இப்பவே நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்... ஏய், நீ அழாதே. கத்து, பரவாயில்லை. ஆனா கத்தி முடிச்சதும் என்கிட்டக் கேப்பியே, 'சாப்பிட்டீங்களா'ன்னு... அதை அவகிட்டயும் கேளு."

படம் முடிந்து திரை கறுத்தது. 

"நான்... அவ்வளவா கத்தறேன்?" என்றாள் மாமியார்.

கொழுந்தன் தெரியாத்தனமாகத் தலையாட்டிவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

மாமியார் எழுந்து வந்தாள். கையை நீட்டி, தொடலாமா என்று தயங்கி, பிறகு மருமகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "இதை நீயே எழுதி வச்சுக்கிட்டு... என் வாயில அத்தனை பேச்சு வாங்கினியா? சொல்லியிருக்கலாமேடி! பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"என் வாயால எப்படி அத்தை சொல்வேன்..."

"சாப்பிட்டியா?"

அந்த ஒரு கேள்விக்கு அவள் உடைந்து போனாள். மாமியார் அவளை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். மகன்கள் பக்கம் திரும்பிய பார்வையில் மட்டும் நெருப்பு இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் எனக்குப் பிறந்தீங்கன்னு வெளியில சொல்லவே கூசுதுடா." மறுபடி மருமகளிடம் குனிந்தாள். "உனக்கு என்ன வேணும்? சொல்லு. அவர் இருந்தா கேட்டிருப்பார். இப்ப நான் கேக்கறேன்."

"அவளுக்கு என்னம்மா குறை? எல்லாம் இருக்..." என்று தொடங்கிய கணவன், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

'ஒண்ணும் வேணாம் அத்தை' என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்தது. அவள் அதை முழுங்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மாமியாரைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தே சொன்னாள்.

"என் மெஷின் எனக்கு வேணும். கார்டோட. அது இருந்த முன்னறையில, அது இருந்த மேசையில. நான் வேலைக்குப் போகணும்."