நாலாவது குளிரறையின் மணி

மணி அடித்தது. புரோகிராமர் சோதனைக்காக இன்னும் எந்தப் பொத்தானையும் அழுத்தியிருக்கவில்லை.

"ஒயரிங்கையும் ஏதோ ஒரு மண்டூகம்தான் பார்த்திருக்கு" என்று முணுமுணுத்தான். குடோன் அலுவலகத்தில் மீன் வாடையும் ஆறிப்போன டீயின் வாடையும் கலந்து கிடந்தன. சுவருக்கு அப்பால் குளிரூட்டும் இயந்திரங்கள், ஊரிலுள்ள சோம்பேறிகள் எல்லாம் சேர்ந்து குறட்டை விடுவதுபோல் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தன. அவன் கணக்கில் உலகமே முட்டாள்களால் ஆனது. போன வாரம் சூப்பர்வைசர் போன் செய்து, "சார், நெட் போயி வந்ததுலேருந்து ஆபத்து மணி அடிக்கவே மாட்டேங்குது" என்றபோது, "பச்சை விளக்கு எரியுதில்ல? அப்ப டாக்டர்கிட்ட போய்க் காதைக் காட்டுய்யா" என்று வைத்துவிட்டான்.

இப்போது பார்த்தால் அந்த ஆள் சொன்னது சரி. இணைப்பு அறுந்து மறுபடி சேரும், பச்சையும் எரியும். ஆனால் குளிரறைக்குள் மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்தினால் அதைக் கேட்க வேண்டிய நிரல் வரிகள் மட்டும் திரும்ப ஒட்டாது. ஒவ்வொரு முறை சேரும்போதும் அவற்றை மறுபடி இணைக்கும்படி சற்று முன்தான் திருத்தியிருந்தான். எச்சரிக்கை தன் போனுக்கும் வரும்படி வைத்திருந்தான். பழியை, முன்பு வேலை பார்த்தவன் தலையில் கட்டியிருந்தான்.

மறுபடி மணி. திரையில் நாலாவது அறை. அழுத்தப்பட்டது. விடப்பட்டது. அழுத்தப்பட்டது.

"நாலுல யாருய்யா விளையாடுறது?"

சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். "நாலைத் திறந்தே ஒரு வாரமாச்சு சார். கடைசியா கூட்டுற அக்காதான் போனாங்க. அப்புறம் சொல்லாம கொள்ளாம வேலைய விட்டுப் போயிட்டாங்கன்னு..."

"பொத்தான் பனியில ஒட்டியிருக்கும். வா, காட்டுறேன்."

ஏளனமாகச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. ஒட்டிய பொத்தான் எழும்பி எழும்பி அழுந்தாது. அது அவனுக்கே தெரியும்.

கதவின் தாழ் வளைந்து இறுகியிருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். வெள்ளைப் புகை காலைச் சுற்றியது. மீன் வாடை இல்லை. எந்த வாடையும் இல்லை.

கதவோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். இமையெல்லாம் உறைபனி. திறந்த வாய். ஒரு விரல் பொத்தானோடு கட்டியாக உறைந்திருந்தது.

"ஐயோ, அக்கா!" சூப்பர்வைசர் அப்படியே சரிந்தார்.

புரோகிராமரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தான்.

அழுத்தப்பட்டது.

விரலைப் பார்த்தான். அசையவில்லை. செத்து ஒரு வாரம். அசையாது.

விடப்பட்டது.

பனி நொறுங்கியது. மெல்ல.

விரல் பொத்தானை விட்டு எழுந்து, அவன் பக்கம் நீண்டது.