வெட்டுக்கிளியா, ஈரச்சோப்பா?

“கத்திரியைக் கீழ வச்சிட்டுப் பேசுங்க மச்சான்.”

“வைக்க மாட்டேன். உங்க ஆளு ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா மாப்பிள்ளை? மைதானமா அது, கம்பளம். அதுல எங்க வீட்டுப் பூனைகூட பந்து உருட்டும்.”

“உங்க ஆளு காலத்துல எதிர்ல நின்னவங்க எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க. தூங்குறவனைத் தாண்டிப் போறதுக்குப் பேரு திறமையா?”

தெரு முழுக்கக் கேட்டது. சலூன் கதவு திறந்து கிடந்தது, எதிர்வீட்டு ஜன்னல்களும் திறந்துதான் இருந்தன. காதை மட்டும் எப்படி மூடிக்கொள்வது?

கத்திரி பிடித்திருந்தவர் சலூன்காரர். நாற்காலியில் வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வருகிற ஞாயிற்றுக்கிழமை சலூன்காரரின் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். மற்ற நேரத்தில் இருவரும் இழைந்து இழைந்துதான் பேசுவார்கள். பேச்சு கால்பந்துப் பக்கம் போனால் மட்டும் வீட்டுக்கூரை இரண்டு அங்குலம் மேலே எழும்பும்.

பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு, குறுக்கே வருகிற ஆளை ஏமாற்றிக் கடந்து போவதற்கு டிரிபிளிங் என்று பெயர். அதில் மகா கெட்டிக்காரர் யார்? சலூன்காரரைக் கேட்டால், அவருடைய அப்பா காலத்தில் ஆடிய ஒருவர். பட்டப்பெயர் வெட்டுக்கிளி. மாப்பிள்ளையைக் கேட்டால், இப்போது ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர். யார் பிடித்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடுவதால் அவருக்குப் பெயர் ஈரச்சோப்பு.

“வெட்டுக்கிளிதான் பெரிய ஆளுன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்பதான் மீதித் தலைக்குக் கத்திரி வரும்” என்றார் சலூன்காரர்.

“சொல்லலைன்னா?”

“இப்படியே போங்க.”

மாப்பிள்ளை துணியை உருவி மடித்து வைத்துவிட்டு நிஜமாகவே போய்விட்டார். இடது பக்கம் ஒட்ட வெட்டிய தலை. வலது பக்கம் புதர்.

இதையெல்லாம் சலூன் பெஞ்சில் கணக்குப் போட்டபடி ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். சலூன்காரரின் பத்து வயது மகள். முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் தெருவில் அவளுக்கு ‘சீப்பு’ என்று பெயர்.

“என்னப்பா, மாமாவைப் பாதியில அனுப்பிட்டீங்க?”

“வருவாரு. வராம எங்க போவாரு?”

அது உண்மைதான். மறுநாள் மாப்பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு வேறு இரண்டு சலூன்களுக்குப் போய்ப் பார்த்தார். இரண்டிலும் தொப்பியைக் கழற்றியதும் ஒரே கேள்விதான். “யாரு ஆரம்பிச்சது?” சொன்னதும், போர்த்த எடுத்த துணி திரும்ப ஆணிக்குப் போய்விட்டது. ஒருவர் பாதியில் விட்ட தலையை இன்னொருவர் தொடுவதில்லை. அந்தத் தொழிலில் அப்படி ஒரு முறை.

அன்று கண்ணாடிக் கடையில் கூட்டம் அலைமோதியது. வாங்க வந்தவர்கள் கொஞ்சம், பார்க்க வந்தவர்கள் மிச்சம். ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, “இது சரியில்லை தம்பி. உன் தலை பாதிதான் தெரியுது” என்று திருப்பிக் கொடுத்தார்.

கல்யாணப் பெண்ணான சீப்பின் அத்தை பள்ளி வேன் ஓட்டுபவள். அவளுக்கு விஷயம் போக எவ்வளவு நேரமாகும்? வேனில் இருந்த பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் அவள் நேராகச் சலூன் வாசலில் வண்டியை நிறுத்தினாள். மாப்பிள்ளையையும் போன் போட்டு வரச்சொன்னாள்.

“பாதித் தலையோட ஒருத்தர் பக்கத்துல நான் நிக்க மாட்டேன். அண்ணன் வராத கல்யாணத்துலயும் நிக்க மாட்டேன். ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க. இல்லைன்னா நான் பாட்டுக்கு வேன் ஓட்டிட்டு இருக்கேன்.”

“மன்னிப்புக் கேட்கச் சொல்லு” என்றார் அண்ணன்.

“எதுக்கு? சோப்புப் பிடிக்கும்னதுக்கா?” என்றார் மாப்பிள்ளை.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சீப்பு எட்டிப் பார்த்தாள். வேன் அங்கேயே நின்றது. அத்தை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தாள். சீப்பு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அழுறியா அத்தை?”

“கண்ணுல முடி விழுந்துடுச்சு.”

“நீ கடைக்குள்ளயே வரலையே.”

அத்தை இதற்கு முன் அழுது சீப்பு பார்த்ததில்லை. டயர் வெடித்து வேன் சாக்கடையில் இறங்கியபோதுகூடப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவள் அவள்.

சீப்பு யோசித்தாள். யாரைக் குறை சொல்வது? அப்பாவும் விட்டுக்கொடுக்க மாட்டார், மாமாவும் மாட்டார். மறுநாள் மத்தியானம், சலூனில் ஆள் இல்லாத நேரம், மெதுவாக ஆரம்பித்தாள்.

“அப்பா, ஈரச்சோப்பு ஆடி நீங்க ஒரு ஆட்டம் முழுசாப் பார்த்திருக்கீங்களா?”

“அதை எவன் உட்கார்ந்து பார்ப்பான்?”

“பார்க்காம எப்படிக் குறை சொல்லுவீங்க? மாமா திருப்பிக் கேட்டா மாட்டிக்க மாட்டீங்களா?”

சலூன்காரர் சவரக்கத்தியைத் துடைப்பதை நிறுத்தினார். மாட்டிக்கொள்வது அவருக்குப் பிடிக்காத விஷயம். “போனைக் கொண்டா. எண்ணி எண்ணிக் குறை சொல்றேன், எழுதிக்க.”

சீப்பு பென்சிலோடு உட்கார்ந்தாள். ஆட்டம் ஓடியது. “பார், பார், இப்ப விழுவான்” என்றார் அப்பா. சோப்பு விழவில்லை. நாலு பேர் சுற்றி வளைத்தார்கள். பந்து அவர் இடது காலைவிட்டு ஒரு சாண்கூட விலகவில்லை.

அப்பா போனை மூக்கருகே கொண்டுபோனார்.

“ஓங்கி உதைக்கவே மாட்டேங்கிறான், கவனிச்சியா? சின்னச் சின்னதாத் தொடுறான். காதோரம் வெட்டுற மாதிரி. ஒரேயடியா வெட்டினா காது போயிடும். நுனி நுனியா வெட்டணும்.” கத்திரியைக் காற்றிலேயே சிக் சிக் சிக் என்று வெட்டிக் காட்டினார்.

“குறை என்னப்பா எழுத?”

“இரு, இன்னொரு தடவை ஓட்டு.”

சாயங்காலம் சீப்பு கண்ணாடிக் கடைக்குப் போனாள். மாமா வெட்டுக்கிளியைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டாள்.

“கறுப்பு வெள்ளைம்மா. திரை முழுக்க மழை பெய்யுற மாதிரி இருக்கும். கண்ணு வலிக்கும்.”

“கண்ணாடிக் கடை வச்சிருக்கிறவருக்கே கண்ணு வலிக்குமா?”

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் பழைய படத்தைத் தேடி எடுத்தார். சேறான மைதானம். நனைந்து கனத்த பந்து. குறுக்கே வந்தவர்கள் பந்தைவிட்டுக் காலைத்தான் உதைத்தார்கள். அதற்கு நடுவே ஒல்லியாக ஒருவர் துள்ளித் துள்ளி வந்தார்.

மாமா சட்டென்று படத்தை நிறுத்தினார். “இந்த ஆளு பந்தைப் பார்க்கவே இல்லை.”

“பின்ன எதைப் பார்க்கிறாரு?”

“எதிர்ல நிக்கிறவன் கண்ணை. அவன் கண்ணு எந்தப் பக்கம் போகுதோ, இவரு மறுபக்கம் போயிடுறாரு. நான் தினமும் எத்தனை கண்ணைப் பார்க்கிறேன், எனக்கு இது தோணலையே.” தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மாவைப் பத்து நிமிஷம் காக்க வைத்தார்.

சனிக்கிழமை காலை சீப்பு மாமாவின் கையைப் பிடித்துச் சலூனுக்குள் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அத்தை வாசலில் கைகட்டி நின்றாள். தெருவில் பலருக்கு அந்த நேரம் பார்த்து முடி வெட்டிக்கொள்ளத் தோன்றியிருந்தது.

“சொல்லுங்க மாப்பிள்ளை” என்றார் சலூன்காரர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

“வெட்டுக்கிளிதான் மச்சான் பெரிய ஆளு.”

சலூன்காரர் துணியை உதறிப் போர்த்தினார். கத்திரி வலது பக்கப் புதரில் இறங்கியது. எல்லாரும் மூச்சுவிட்டார்கள்.

நாலு வெட்டு வெட்டியிருப்பார்.

“அதெப்படி மாப்பிள்ளை அவ்வளவு சுலபமாச் சொல்லிட்டீங்க? ஈரச்சோப்பை நீங்க சரியாவே பார்க்கலை.”

“நானா? சோப்பைப் பார்க்கலையா?”

“அந்தத் தொடுகையைக் கவனிச்சீங்களா? வெட்டுக்கிளியால அப்படி முடியுமா?”

“அந்தச் சேத்துல உங்க சோப்பு நின்னுடுவாரா மச்சான்?”

“என் சோப்பு எங்கேயும் நிப்பான்.”

கத்திரி அந்தரத்தில் நின்றது. வாசலில் அத்தை நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். சீப்பு ஓடிவந்து அப்பாவின் முழங்கையைப் பிடித்துத் தலைக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

“வாய் சண்டை போடட்டும்பா. கை வெட்டட்டும்.”

சண்டை நடந்தது. முடியும் விழுந்தது. கடைசியில் கண்ணாடியில் தெரிந்த தலை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. அத்தை கிட்டே வந்து வலது பக்கம் ஒருமுறை, இடது பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “நாளைக்கு லேட்டா வந்துடாதீங்க” என்று மட்டும் சொல்லி வேனைக் கிளப்பிப் போனாள். தெருமுனை திரும்பும்வரை அவள் பாட்டு கேட்டது.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமையே நடந்தது. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை மட்டும் பக்கவாட்டில் பார்க்கிறார். பக்கத்தில் நின்ற மச்சானுக்கு ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்த மாதமே புதுத் தம்பதி பாலத்துக்கு அந்தப் பக்கம் மாடி வீடு ஒன்று பார்த்துக் குடிபோனார்கள். தெரு சப்பென்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் சீப்பு துணிமணி திணித்த ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். எங்கே என்று கேட்டால், “அத்தை வீட்டுக்கு” என்கிறாள். எத்தனை நாள் என்று கேட்டால், காதில் விழாதது போல ஜன்னலோர இடத்தைப் பிடித்து உட்கார்ந்துவிடுகிறாள்.